கழுதை அறிந்த விதியும் கலீஃபா விரும்பிய வடிவமும்

முக்கோணத்தின் எந்த இரு பக்கங்களைக் கூட்டினாலும் அக்கூட்டுத்தொகை மூன்றாவது பக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். பெரிய பக்கத்திற்கு எதிரே பெரிய கோணமே அமையும். மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும். இன்று நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பயிலும் இவ்விதிகள் பல நூற்றாண்டுகள் மதரஸாக்களின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தவை. அங்கே சில தேற்றங்களுக்குத் தனிப் பெயர்களும் வழங்கின. அப்பெயர்களின் வரலாற்றை அறிவது, பிள்ளைகளுக்கு எதை, எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதை அறிவதாகவும் அமையும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கேள்வி. எங்கள் கல்லூரியில் ஓதும் சிறுவர்கள் பள்ளிப்பாடங்களையும் சேர்த்தே பயில்கின்றனர். கணக்காசிரியர் வராத ஒரு நாளில் அவ்வகுப்பை நான் ஏற்க நேர்ந்தது. ஈர்க்குச்சிகளை ஒடித்துக் கொடுத்து முக்கோணம் அமைக்கச் சொன்னேன். 3, 4, 8 அங்குலக் குச்சிகள் ஒன்றோடொன்று எட்டவில்லை. 3, 4, 7 அங்குலக் குச்சிகள் எட்டின; ஆனால் ஒரே கோடாகப் படுத்துவிட்டன. 3, 4, 6 அங்குலக் குச்சிகளே முக்கோணமாயின. பின்னர் காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒன்றாக ஒட்டினோம். அவை நேர்கோட்டில் அமைந்தன. பிள்ளைகள் மகிழ்ந்தனர். இனி இவற்றை நிரூபிப்போம் என்றதும் ஒருவன் எழுந்து, “அதான் கண்ணால பார்த்துட்டோமே ஹஜ்ரத், அப்புறம் எதுக்கு நிரூபிக்கணும்?” என்றான். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

பழைய ஏளனம்

அக்கேள்வி புதியதன்று. கி.மு. 300 அளவில் இஸ்கந்தரிய்யாவில் வாழ்ந்த யூக்ளிட், அரபியில் ‘உஸூல்’ எனப்படும் தம் நூலின் முதல் பகுதியில், பக்க விதியை 20ஆவது தேற்றமாக வைத்து அதற்கு நிரூபணமும் தந்தார். எபிக்யூரஸின் வழிவந்தோர் இதை எள்ளி நகையாடினர். முக்கோணத்தின் ஒரு முனையில் கழுதையையும் மற்றொரு முனையில் புல்லையும் வைத்தால், கழுதை நேராகவே செல்லும். மற்ற இரு பக்கங்களையும் சுற்றிக்கொண்டு செல்லாது. கழுதைக்கும் தெரிந்த ஒன்றை நிரூபிப்பானேன் என்பது அவர்கள் வாதம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை வரைந்த புரோக்ளஸ் இச்செய்தியைப் பதிவுசெய்து மறுமொழியும் கூறுகிறார். ஒன்று உண்மை எனப் புலன் காண்பது வேறு. அது ஏன் உண்மையாகிறது என அறிவு காண்பது வேறு என்பதே அம்மறுமொழியின் சாரம்.

இந்த ஏளனம் அரபுலகிற்குள் வந்தபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நம் அறிஞர்கள் அதை வசையாகக் கொள்ளாமல் பெயராகவே சூட்டிக்கொண்டனர். அத்தேற்றம் ‘அஷ்ஷக்லுல் ஹிமாரீ’, அதாவது கழுதை வடிவம் என வழங்கலாயிற்று. கழுதைக்கும் தெரிந்ததே என ஒப்புக்கொண்டே அதற்கு ஆதாரத்தையும் கற்பித்தனர். இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்களும் சமம் என்னும் 5ஆவது தேற்றம் ‘மஃமூனீ’ எனப் பெயர் பெற்றது. கலீஃபா மஃமூன் அவ்வடிவத்தின் அழகை விரும்பித் தம் ஆடையின் கைப்பகுதியில் பொறித்துக்கொண்டார் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைப் பற்றிய புகழ்மிக்க தேற்றம் ‘ஷக்லுல் அரூஸ்’, மணமகள் வடிவம் ஆயிற்று. கலீஃபா, கழுதை, மணமகள் என்னும் இப்பெயர்கள், வறண்ட பாடத்தை இளம் உள்ளங்களில் நிலைநிறுத்த ஆசிரியர்களுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

ஆதாரத்தின் வழி

மதரஸாக்களில் ஓதப்பட்ட அந்நிரூபணத்தைச் சற்றே காண்போம். அலிஃப், பா, ஜீம் என்பன முக்கோணத்தின் மூன்று முனைகள். பா-அலிஃப் பக்கத்தை அலிஃபுக்கு அப்பால் நீட்டி, அலிஃப்-ஜீம் பக்கத்தின் அளவுக்குச் சமமாகத் தால் என்னும் புள்ளியைக் குறிக்க வேண்டும். தாலையும் ஜீமையும் இணைத்தால் ஓர் இருசமபக்க முக்கோணம் கிடைக்கும். மஃமூனீ தேற்றத்தின்படி அதன் தால் முனைக் கோணமும் ஜீம் முனைக் கோணமும் சமம். பா-ஜீம்-தால் என்னும் முழுக்கோணமோ, தனக்குள் அந்த ஜீம் முனைக் கோணத்தை அடக்கியிருப்பதால் அதைவிடப் பெரியது. எனவே தால் முனைக் கோணத்தைவிடவும் பெரியது. பெரிய கோணத்திற்கு எதிரே பெரிய பக்கம் அமையும் என்பது முந்தைய, 19ஆவது தேற்றம். ஆகவே பா-தால் என்னும் கோடு பா-ஜீமைவிட நீளமானது. பா-தால் என்பதோ முதலிரு பக்கங்களின் கூட்டுத்தொகையே.

கழுதைக்குத் தெரிந்த விதி கலீஃபா விரும்பிய வடிவத்தின் தோள்மீது நிற்பதை இங்கே காண்கிறோம். குச்சிகளை வைத்துப் பார்த்த சிறுவன் அந்த மூன்று குச்சிகளைப் பற்றியே அறிந்தான். இந்நிரூபணத்தைப் புரிந்துகொண்டவன், யாரும் இன்னும் வரையாத முக்கோணங்களைப் பற்றியும் அறிந்துகொண்டான்.

நூல் கடந்து வந்த பாதை

யூக்ளிடின் நூலை ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மத்தர் இருமுறை அரபியாக்கினார். முதலாவது ஹாரூன் ரஷீதின் ஆட்சியிலும் (786–809), இரண்டாவது மஃமூனின் ஆட்சியிலும் (813–833) நிகழ்ந்தன. பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் செய்த மொழிபெயர்ப்பை ஸாபித் இப்னு குர்ரா திருத்திச் செம்மைப்படுத்தினார். கிறிஸ்தவரும் ஸாபிய்யும் முஸ்லிமும் ஒரே நூலுக்காக உழைத்த காலம் அது. ஹி. 646இல் (கி.பி. 1248) நஸீருத்தீன் தூஸி எழுதி முடித்த ‘தஹ்ரீரு உஸூலி உக்லீதிஸ்’ முந்தைய நூல்களைப் பின்னுக்குத் தள்ளிப் பாடநூலாக நிலைத்தது. ஷம்சுத்தீன் சமர்கந்தி 35 தேற்றங்களை மட்டும் தெரிந்தெடுத்து ‘அஷ்காலுத் தஃஸீஸ்’ என்னும் சிறு நூலை யாத்தார். அதற்கு காளீ ஸாதா ரூமி 1412இல் எழுதிய விரிவுரை உஸ்மானிய மதரஸாக்களில் ஓதப்பட்டது.

இந்தியாவில் மறைந்த முல்லா நிஸாமுத்தீன் (இறப்பு 1748) வகுத்த ‘தர்ஸே நிஸாமி’ பாடத்திட்டத்திலும் தூஸியின் தஹ்ரீரின் முதல் பகுதி இருந்தது. மேலே கண்ட தேற்றங்கள் யாவும் அப்பகுதிக்குள் அடங்குபவை. அதே நூலை 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங்கின் அவையில் ஜகந்நாதர் ‘ரேகாகணிதம்’ என்னும் பெயரில் சமஸ்கிருதத்திற்குக் கொண்டுசென்றார். மதரஸாவின் பாடநூல் பண்டிதரின் ஏட்டிலும் இடம்பிடித்தது.

மார்க்கம் கற்பிக்கும் இடத்தில் முக்கோணத்திற்கு என்ன வேலை எனச் சிலர் கேட்கலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘அல் முன்கித்’ நூலில் இதற்கு இரு பக்கமும் பேசுகிறார். கணிதம் புர்ஹான் என்னும் உறுதியான ஆதாரத்தின்மீது நிற்பது. அதை மறுப்பதே மார்க்கத்திற்குத் துணைசெய்வது என எண்ணும் அறியாத நண்பன் மார்க்கத்திற்குத் தீங்கே செய்கிறான். அதேவேளை, கணிதத்தில் வல்லவர் சொன்னார் என்பதற்காக அவருடைய பிற கருத்துகளையும் ஆராயாது ஏற்பதும் தவறு. இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: ஆதாரத்தைக் கேளாமை. இப்னு கல்தூன், வடிவியல் அறிவின் அழுக்கைப் போக்கும் எனக் கூறிச் சவர்க்காரத்தை உவமை காட்டியதும் இக்கருத்தினாலேயே.

கோண விதியில் மறைந்திருந்த சிக்கல்

அம்மாணவனின் கேள்விக்கு வலுவான விடை கோண விதியில் இருக்கிறது. ஈர்க்குச்சி காட்டிய பக்க விதியும் காகிதம் காட்டிய கோண விதியும் கண்ணுக்கு ஒரே தரத்தவை. ஆதாரத்தைத் தேடிச் சென்றவர்களுக்கோ அவை இரண்டும் வெவ்வேறானவை எனத் தெரிந்தது. கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என நிறுவ, ஒரு முனை வழியே எதிர்ப்பக்கத்திற்கு இணைகோடு வரைய வேண்டும். இணைகோடுகளைப் பற்றி யூக்ளிட் ஆதாரமின்றி எடுத்துக்கொண்ட ஐந்தாம் எடுகோள் இல்லாமல் அந்நிரூபணம் நில்லாது. பக்க விதிக்கோ அந்த எடுகோள் தேவையில்லை.

இந்த எடுகோள் நம் அறிஞர்களின் உறக்கத்தைக் கெடுத்தது. இப்னுல் ஹைஸம், உமர் கய்யாம், தூஸி ஆகியோர் அதை நிரூபிக்க முயன்றனர். அவர்களின் முயற்சி கைகூடவில்லை. கைகூடவும் இயலாது என்பதை, 19ஆம் நூற்றாண்டில் லொபசேவ்ஸ்கியும் போயாயும் அமைத்த புதிய வடிவியல் உணர்த்திற்று. ஆயினும் கேள்வி இருக்குமிடத்தைச் சரியாகக் கண்டவர்கள் அவர்கள். ஐயுறத் தக்கதை ஐயுறுவதும் அறிவின் கடமையே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பூமியின் உருண்டைமேல் ஒரு முக்கோணத்தை எண்ணிப் பாருங்கள். வடதுருவத்திலிருந்து 90 பாகை இடைவெளியில் இரு கோடுகள் நிலநடுக்கோட்டிற்கு இறங்குகின்றன. அம்முக்கோணத்தின் மூன்று கோணங்களும் செங்கோணங்களே. கூட்டுத்தொகை 270 பாகை. காகிதம் கற்பித்த கோண விதி அங்கே பொய்த்துவிடுகிறது. ஆனால் பக்க விதி உருண்டை மேலும் நிற்கிறது. இதனை மெனலாவஸ் தம் நூலில் நிறுவியுள்ளார். அதன் கிரேக்க மூலம் அழிந்து, அரபி வடிவமே எஞ்சியிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செப்பம்செய்த அபூ நஸ்ர் மன்ஸூர், அல்பிரூனியின் ஆசிரியர். அந்த அல்பிரூனியே 1025இல் முடித்த ‘தஹ்தீத்’ நூலில் கஸ்னா நகரின் கிப்லா திசையை உருண்டை முக்கோணங்களைக் கொண்டு கணித்தார். தொலைதூர நகரின் கிப்லாவைத் தட்டையான காகித விதியைக் கொண்டு வரைந்தால் முகம் வேறு திசையில் திரும்பிவிடும். எந்த விதி எதுவரை செல்லும் என்பதை அதன் ஆதாரமே சொல்கிறது. கண்ணால் பார்த்தது மட்டும் சொல்வதில்லை. அச்சிறுவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

நம் கையில் எஞ்சியது

நான் ஓதிய மதரஸாவில் மன்திக் கலையின் நூல்களைச் சொல்லுக்குச் சொல் ஓதினோம். தூஸியின் தஹ்ரீரை ஓதவில்லை. கல்லெழுத்துப் பதிப்புப் பிரதி ஒன்று நூலக அலமாரியில் கறையான் அரித்துக் கிடந்தது. தர்க்கத்தின் இலக்கணம் எங்களுக்குக் கிடைத்தது. அதைப் பயின்று பழகும் களம் கிடைக்கவில்லை. இதைக் குறையாகக் கூறவில்லை. என் தலைமுறையின் நிலையாகக் கூறுகிறேன்.

இன்று நம் மேடைகளில் தூஸியின் பெயரும் அல்பிரூனியின் பெயரும் முழங்குகின்றன. அது நல்லதே. ஆனால் அவர்களுடைய பெயர்களை மனனம் செய்வது அவர்களுடைய வழியில் நடப்பதாகாது. முக்கோண விதிகளை மனனம் செய்து மதிப்பெண் பெறும் பிள்ளையின் நிலையும், முன்னோர் பெருமையை மனனம் செய்து கைதட்டுப் பெறும் நம் நிலையும் ஒன்றுதான். நூல்களைச் சுமக்கும் கழுதை என்னும் திருக்குர்ஆனின் உவமை (62:5) வேறொரு சமூகத்தாரைக் குறித்து இறங்கியது எனினும், அதை ஓதும் நாமும் அஞ்ச வேண்டிய எச்சரிக்கையே.

செய்ய வேண்டியது கடினமானதன்று. முதலில் ஈர்க்குச்சியும் காகிதமும் வரட்டும், கண் காணட்டும். இருசமபக்க முக்கோணத்தை நடுவே மடித்து, அடிக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதைப் பிள்ளைகளே காணட்டும். கதவைத் திறக்கத் திறக்க அதன் விளிம்புக்கும் நிலைக்கும் இடைவெளி கூடுவதைக் காட்டி, கோணம் வளர எதிர்ப்பக்கமும் வளர்வதை உணர்த்தலாம். அதன்பின் ஒரேயொரு நிரூபணத்தையேனும், அலிஃப், பா, ஜீம் என எழுத்திட்டு, ஒவ்வொரு படியிலும் ‘ஏன்?’ எனக் கேட்டு முடிக்க வேண்டும். இதற்கு ஒரு பாடவேளை போதும். அரபிக் கல்லூரி மாணவன் அப்படிகளிலேயே தான் மன்திக்கில் ஓதிய கியாஸின் உருவத்தைக் கண்டுகொள்வான்.

மறுவாரம் அந்த வகுப்பிற்கு அனுமதி பெற்று மீண்டும் சென்றேன். கழுதை வடிவத்தின் கதையைச் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. நிரூபணம் முடிந்தபோது கேள்வி கேட்ட சிறுவன் தாலையும் ஜீமையும் இணைத்த கோட்டைச் சுட்டி, “இந்தக் கோடு இல்லேன்னா ஒண்ணும் நடக்காது, அப்படித்தானே ஹஜ்ரத்?” என்றான். ஆம் என்றேன். ஆதாரம் கேட்கும் நாவையும், ஆதாரம் கிடைத்தபின் ஏற்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக.