ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு சொல்



நான் சிறுவனாக இருந்தபோது, கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழா. வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபையரில் ஒரு குழாய் ஸ்பீக்கர் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. லயத்துக் கடைசி வீடு வரை கேட்க வேண்டுமென்று இளைஞர்கள் இன்னும் மூன்றைச் சேர்த்துக் கட்டினார்கள். சிறிது நேரத்தில் புகை வந்தது; பாட்டு நின்றது. வீடு வீடாக வசூலித்த பணத்தில் ஒரு பகுதி பழுதுபார்க்கப் போயிற்று. பெட்டி மட்டம் என்று பெரியவர்கள் ஏசினார்கள். குற்றம் பெட்டியில் இல்லை. கணக்குப் பாராமல் கட்டியதில் இருந்தது. அந்தக் கணக்கின் பெயர் இம்பீடன்ஸ்.

பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் ஓடும். அதற்குக் கம்பி காட்டும் எதிர்ப்பை மின்தடை என்கிறோம். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரமோ முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது. பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை ஒரே சீராகத் தள்ளுவது எளிது. அதையே வேகமாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், தோள் வலிக்கும். கம்பிச்சுருளும் அப்படித்தான். மாறி ஓடும் மின்சாரத்துக்கு அது கூடுதல் தடை காட்டும். இவையெல்லாம் சேர்ந்த மொத்தத் தடையே இம்பீடன்ஸ். அதன் அளவு ஓம். பழைய டியூப்லைட்டின் சோக், இந்தக் குணத்தால்தான் விளக்கில் மின்சாரம் மிகாமல் காத்தது.

இந்த அறிவு தந்திக் கம்பியிலிருந்து வளர்ந்தது. 1858இல் அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திக் கம்பி போட்டார்கள். மின்சாரம் கசியாதிருக்க அதற்கு உறையிட்டது, நம் வட்டாரக் காட்டு மரங்களிலிருந்து எடுத்த கட்டாபெர்ச்சா என்னும் பால். 1870இல் சென்னையிலிருந்து பினாங்குக்குப் போட்ட கடல் கம்பிக்கும் அதுவே உறை. ஆனால் அட்லாண்டிக் கம்பியில் விக்டோரியா மகாராணியின் 98 சொற்கள் போய்ச்சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. அனுப்பிய குறிகள் வழியிலேயே ஒன்றோடொன்று கலந்து மங்கின. சில வாரங்களில் கம்பியே செயலிழந்தது.

குறிகள் ஏன் மங்குகின்றன என்பதைத் தெளிவாக விளக்கியவர் இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட். 16 வயதில் பள்ளியை விட்டு, தந்தி வேலை பார்த்து, தானே படித்து உயர்ந்தவர். இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886இல் ஆக்கியவரும் அவரே. கம்பியில் சுருளின் குணத்தைக் கூட்டினால் குறி தெளிவாகும் என்று 1887இல் எழுதினார். அவர் நாட்டுத் தபால் துறை ஏற்கவில்லை. 1900இல் அமெரிக்காவில் மைக்கேல் புபின் அதற்குக் காப்புரிமை பெற்றுச் செல்வரானார். ஹெவிசைட் 1925இல் ஏழையாகவே மறைந்தார்.

1949இல் கோலாலம்பூருக்கு ரெடிஃப்யூஷன் வந்தது. ஒரே நிலையத்திலிருந்து கம்பி வழியாகவே வீடுகளிலும் கடைகளிலும் ஸ்பீக்கர்கள் பாடின. ஒரு நிலையத்தில் எத்தனை ஸ்பீக்கர் கட்டலாம் என்பதற்கும் இந்தக் கணக்கே அடிப்படை.

இப்போது திருவிழாவுக்குத் திரும்புவோம். 8 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கைப் பக்கம் பக்கமாக ஒரே இரு கம்பிகளில் கட்டினால் மொத்தம் 2 ஓம் ஆகும். 8 ஓமுக்கு அமைந்த பெட்டியிடம் நான்கு மடங்கு மின்சாரம் கேட்பதாகும். அது எரியாமல் என்ன செய்யும்? அதே நான்கையும் இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் ஒவ்வொரு சோடியும் 16 ஓம். அந்த இரு சோடிகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால் மீண்டும் 8 ஓம். பெட்டி பிழைத்திருக்கும், பாட்டும் கேட்டிருக்கும்.

நேயர்களே, ஸ்பீக்கரின் பின்புறம் ஓம் அளவு அச்சிட்டிருக்கும். அடுத்த திருவிழாவில் கம்பி கட்டுமுன் உங்கள் பிள்ளையை அதைப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கணக்கு ஊர்ப் பணத்தைக் காப்பாற்றும்.