சிறுபாணன் சென்ற சாப்பாட்டு வழி: மரக்காணம் முதல் திண்டிவனம் வரை

முன்னுரை

சாப்பாட்டுக்காகவே பயணம் போவது இன்று பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. எந்த ஊரில் எது பெயர் போனது, எந்த இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், எதை எந்த மாதத்தில் சாப்பிட வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். இப்படி ஒரு பட்டியல் தமிழில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்றால் வியப்பாக இருக்கலாம். அதில் நான்கு நிறுத்தங்கள் உள்ளன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன கிடைக்கும், யார் தருவார்கள் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வழி இன்றைய மரக்காணத்தில் தொடங்கி, கிளியனூர் வட்டாரத்தைத் தொட்டு, திண்டிவனத்தில் முடிகிறது. அந்தப் பட்டியலின் பெயர் சிறுபாணாற்றுப்படை.

நூலும் புலவரும்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. இதைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் மரக்காணத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் ஒரு பேரூராட்சியின் பெயராக இன்றும் வழங்குகிறது. ஆகவே புலவர் தான் அறிந்த மண்ணையே பாடியிருக்கிறார் எனலாம். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன். நச்சினார்க்கினியர் உரை எழுதிய இந்நூல், 1889ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டபோது பலரும் படிக்கும் நூலாயிற்று.

ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு, "இந்த வழியில் போ, இன்ன ஊரில் இன்னது கிடைக்கும், கடைசியில் வள்ளலைக் காண்பாய்" என்று சொல்வதே இதன் அமைப்பு. இன்றைய பயணக் குறிப்புக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இன்று பயணம் போகிறவருக்கு வீட்டில் சோறு இருக்கிறது. அன்று போன பாணனுக்கு இல்லை.

உப்பில்லாத கீரை

வழி சொல்லும் பாணன் தன் பழைய நிலையை மறைக்காமல் சொல்கிறான். அவன் வீட்டு அடுப்படியில் குட்டி ஈன்ற நாய் படுத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க முட்டுகின்றன. தாயிடம் பால் இல்லை. அது வலியில் குரைக்கிறது. கூரை இற்று விழுந்துவிட்டது. சுவரைக் கறையான் அரித்து, அங்கே காளான் பூத்திருக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து வந்து வேகவைக்கிறாள். அதில் போட உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தாரோடு அதை உண்கிறாள்.

அரிசி இல்லை, மீன் இல்லை, கள் இல்லை என்று புலவர் பட்டியல் போடவில்லை. உப்பு இல்லை என்ற ஒன்றை மட்டும் சொன்னார். வறுமையின் ஆழத்தைக் காட்ட அது போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரன் போகச் சொல்லும் முதல் ஊர் இன்று உப்பளங்களால் பெயர் பெற்றிருக்கிறது என்பதை நினைத்தால், இந்தக் காட்சி இன்னும் கனக்கிறது.

முதல் நிறுத்தம்: எயிற்பட்டினம்

மதிலைக் குறிக்கும் சொல்லைப் பெயரில் கொண்ட பட்டினம் என்று நூல் சொல்வது எயிற்பட்டினம். எயில் என்றால் மதில். இதுவே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு நூல், இக்கரையில் பொதுகே, சோபட்மா என்ற துறைமுகங்களைச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபட்மா எயிற்பட்டினம் என்றும் கருதப்படுகின்றன. அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. உணவும் குடியும் கடல் கடந்து வந்த கரை இது.

பாணனுக்கு இங்கே கிடைப்பது என்ன? அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளை நுளையர் வீட்டுப் பெண் விறகாக எரிக்கிறாள். அந்தக் கட்டைகள் ஒட்டகங்கள் படுத்து உறங்குவதுபோல் கிடக்கின்றனவாம். ஒட்டகம் உவமையாக வரும் அளவுக்கு அது அன்றைய கேட்போருக்குத் தெரிந்த விலங்காக இருந்திருக்கிறது. அவள் வடித்த பழைய கள்ளைப் பரதவர் குடிக்கத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல் மீன் தருகிறார்கள்.

இந்த முதல் நிறுத்தத்தில்தான் இன்றைய பயணம் சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. மீன் கிடைக்கும், கள் கிடைக்காது. சென்னை மாகாணத்தில் 1937ஆம் ஆண்டில் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் பரவியது. 1971ஆம் ஆண்டில் தளர்ந்தது. பின் மாறி மாறி வந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. அதே சமயம் அரசின் டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது. சிறிது தூரம் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே கள்ளுக்கடை சட்டப்படி உண்டு. ஒரே கடற்கரை, ஒரே பனைமரம், நடுவே ஓர் எல்லைக்கோடு.

இது வெறும் வேடிக்கை அல்ல. 2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விருந்தாளிக்குப் பரதவர் தெளிந்த கள் தந்ததாகப் புலவர் பாடிய அதே கரையில், உழைத்துக் களைத்தவர்களின் கைக்கு விஷம் வந்து சேர்ந்தது. கள்ளை அனுமதித்தால் இது நடந்திருக்காது என்பாரும் உண்டு. எந்தக் குடியும் குடும்பத்தைக் கெடுக்கும் என்பாரும் உண்டு. இந்த வழியில் போகிறவர் அந்த வாதத்தைக் கடந்துதான் போக வேண்டும். போகிற வழியில் குடிக்கப் பதநீர் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் அது புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும்.

உப்பின் வரலாறு

மரக்காணத்தை விட்டு நகரும் முன் உப்பளத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. உவர்நீரைப் பாத்திகளில் விட்டு, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். வேலை முழுவதும் வெயிலை நம்பியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளம் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுபோகும்.

1805ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி இருந்ததால் அதையும் அடைக்க வேண்டியிருந்தது. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பிரெஞ்சு இந்தியாவின் உப்பை வாங்கும் தனியுரிமைக்காக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தர ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். ஒரு கைப்பிடி உப்புக்கு இரண்டு பேரரசுகள் பேரம் பேசின. அதன் விலையைக் கட்டியவர்கள், கீரையை உப்பில்லாமல் வேகவைத்த அந்தப் பெண்ணைப் போன்றவர்களே. 1930ஆம் ஆண்டில் இராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும், 1947ஆம் ஆண்டில் உப்பு வரி நீக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சி.

பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. சாலையில் லாரிகள் ஓடாத காலத்தில் உப்பும் விறகும் படகில் ஏறிச் சென்னைக்குப் போன நீர்வழி அது.

இரண்டாம் நிறுத்தம்: வேலூர்

கடற்கரையிலிருந்து தென்மேற்காக உள்ளே வந்தால் வருவது வேலூர். இது கோட்டை உள்ள வேலூர் அல்ல. கிளியனூருக்கு அருகே உள்ள உப்புவேலூர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். வெயிலில் கொதிக்கும் குடிசைகளில் எயினர் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சூடான சோற்றையும், சுட்ட ஆமான் இறைச்சியையும் பாணனுக்குத் தருகிறார்கள். ஆமான் என்பது காட்டுமாடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் வந்துவிட்டதால், இன்றைய பட்டியலில் இந்த உணவை அடித்துவிட வேண்டியதுதான். புளிச்சோறு மட்டும் அப்படியே தப்பிப் பிழைத்திருக்கிறது.

கிளியனூர் இந்தப் பாட்டில் வரவில்லை. ஆனால் திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் அமைந்துள்ளதால் இந்தப் பயணத்துக்கு நடுவிடம் இதுவே. இங்குள்ள அகத்தீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. கிழக்கே கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் இந்த நீர்நிலை 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நெய்தல் முடிந்து வயற்காடு தொடங்குவதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

மூன்றாம் நிறுத்தம்: ஆமூர்

ஆமூர் மருத நிலத்து ஊர். திண்டிவனம் வட்டாரத்து நல்லாமூர் இதுவெனக் கூறுவர். உழவர் வீட்டுப் பெண் தன் பிள்ளைகளை அனுப்பிப் பாணனை வழிமறித்து உண்ணச் செய்கிறாள். உலக்கையின் இரும்புப் பூண் தேயும்வரை குற்றித் தீட்டிய அரிசியின் வெண்சோறு. உடன் நண்டுக் கலவை. அரிசி வெள்ளையாக வருவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அந்தத் தேய்ந்த பூண் ஒன்றே சொல்லிவிடுகிறது. வயல் நண்டை இடித்து ரசம் வைக்கும் வழக்கம் கிராமங்களில் இன்றும் உள்ளது.

நான்காம் நிறுத்தம்: கிடங்கில்

நல்லியக்கோடனின் கிடங்கில், இன்று திண்டிவனம் நகருக்குள் கிடங்கல் என்ற பகுதியாக இருக்கிறது. மன்னன் பாணனுக்கு நல்ல உடை தருகிறான். பாம்பு சீறியதுபோல் ஏறும் கள்ளைத் தருகிறான். வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூலின் முறை தவறாமல் ஆக்கிய பல வகை உணவுகளைப் பொற்கலத்தில் இட்டு, தானே பக்கத்தில் நின்று பரிமாறுகிறான்.

திண்டிவனம் என்ற பெயரும் உணவோடு தொடர்புடையதே. திந்திரிணி என்றால் புளி. புளியமரக் காடு என்பதே திந்திரிணி வனம் எனக் கூறுவர். வேலூரில் சோற்றில் சேர்ந்த புளி இங்கே ஊரின் பெயராகவே நிற்கிறது.

பாட்டில் இல்லாத பயிர்

இன்று இந்த வழியில் எங்கும் காணப்படும் நிலக்கடலை நத்தத்தனாருக்குத் தெரியாது. மிளகாயும் தெரியாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகளுக்காகப் புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கடலை ஏற்றுமதியானது. அதனால் தென்னார்க்காட்டுப் புன்செய்கள் கடலைக் காடுகளாயின. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் இந்தியாவின் பல மாநிலங்களில் பயிரானது. அதன் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன.

எப்போது போகலாம்?

பாணனின் வழியை அப்படியே பின்பற்ற விரும்புவோர் மாசி முதல் வைகாசி வரை போவது நல்லது. உப்பு விளையும், பதநீரும் நுங்கும் இறங்கும், சாலையோரம் மரக்காணம் பக்கத்துத் தர்பூசணி குவியும். கழுவெளிக்கு வரும் பறவைகளைப் பார்ப்பதே நோக்கம் என்றால் கார்த்திகை முதல் தை வரை போக வேண்டும். அப்போது உப்பளம் ஓய்ந்திருக்கும். மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கு நேர்ச்சாலையில் சுமார் 35 கி.மீ.தான். உப்புவேலூர், கிளியனூர் வழியாகச் சுற்றிப் போனாலும் ஒரு நாளே போதும்.

முடிவுரை

சிறுபாணாற்றுப்படையின் நான்கு நிறுத்தங்களில் மூன்றில் விருந்து தருபவர்கள் மன்னர்கள் அல்லர். கடலில் உழைத்தவர்களும், குடிசையில் வெந்தவர்களும், உலக்கை பிடித்தவர்களும் முதலில் தருகிறார்கள். மன்னன் கடைசியில்தான் தருகிறான். எந்த நிலத்தில் எது விளைகிறதோ அதை, அங்கே உழைப்பவர் கையால் உண்பது என்பதே அந்தத் திட்டத்தின் விதி. இன்று இவ்வழியில் போகிறவர் காசு கொடுத்துத்தான் உண்ண முடியும். அந்தக் காசு உப்பு வாருகிறவருக்கும், பனை ஏறுகிறவருக்கும், கடலை பிடுங்குகிறவருக்கும் போய்ச் சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தினால், நத்தத்தனார் போட்ட திட்டம் இன்றும் செல்லும்.