வளர்ப்பு ஃபிஞ்சுகளின் உணவு

வளர்ப்பு ஃபிஞ்சுகளின் உணவு என்பது கூண்டுகளில் வளர்க்கப்படும் ஃபிஞ்சு எனும் சிறு பறவைகளுக்கு அளிக்கப்படும் விதைகள், கீரைகள், முட்டை, பூச்சிகள், சுண்ணாம்புச் சத்துப் பொருட்கள் ஆகியவற்றைக் குறிக்கும். இப்பறவைகள் விதையுண்ணிகள் என்பதால் தினை போன்ற உலர்ந்த தானியமே போதுமானது என்ற கருத்து பரவலாக உள்ளது. உலர் விதை ஆற்றலைத் தருகிறது. ஆனால் உயிர்ச்சத்து ஏ, கால்சியம், சில இன்றியமையாத அமினோ அமிலங்கள் ஆகியவற்றைப் போதிய அளவில் தருவதில்லை. இக்குறைபாடு உடனே வெளித்தெரிவதில்லை. இறகு மாற்றும் காலத்திலும் முட்டையிடும் காலத்திலுமே பெரும்பாலும் வெளிப்படுகிறது.

பறவையினங்கள்

ஃபிஞ்சு எனும் பெயரில் விற்கப்படும் கூண்டுப் பறவைகளுள் பெரும்பாலானவை சில்லைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் சீப்ரா ஃபிஞ்சும் கூல்டியன் ஃபிஞ்சும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. பெங்காலி ஃபிஞ்சு என்பது வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் உருவாக்கப்பட்ட வளர்ப்பு வகை ஆகும். வெண்முதுகுச் சில்லை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டுப் பறவையாக வாழ்கிறது.

புள்ளிச் சில்லை, சிவப்புச் சில்லை முதலிய இந்தியக் காட்டினங்களைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டுள்ளன. கீழ்வரும் செய்திகள் கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்படும் அயல்நாட்டு இனங்களுக்கு உரியவை.

இயற்கை உணவு

சீப்ரா ஃபிஞ்சு ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டமாக வாழ்கிறது. தரையில் உதிர்ந்த புல்விதைகளே இதன் முதன்மை உணவு. மழைக்குப் பின் புல் கதிர்விடும்போது, பால் பிடித்த இளம் விதைகளை உண்டு, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. சிறு பூச்சிகளையும் இடையிடையே உண்ணும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நீலநிறச் சிறு சில்லைகள் கறையானை விரும்பி உண்பவை. எனவே விதையுண்ணி எனப்படும் பறவையும் ஆண்டு முழுவதும் உலர் விதையை மட்டும் உண்டு வாழ்வதில்லை.

உலர் விதைகள்

தினை, பனிவரகு, கேனரி விதை ஆகியன பொதுவாக அளிக்கப்படும் விதைகள். 100 கிராம் தினையில் ஏறத்தாழ 31 மில்லிகிராம் கால்சியமும் 290 மில்லிகிராம் பாசுபரசும் உள்ளன. பாசுபரசு இவ்வாறு மிகும்போது, உள்ள சிறிதளவு கால்சியத்தையும் உடல் நன்கு ஈர்த்துக்கொள்ள இயலாது. சிறுதானியங்களுள் கேழ்வரகு விதிவிலக்கானது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 344 மில்லிகிராம் கால்சியம் உண்டு.

பல விதைகளைக் கலந்து வைப்பதனால் மட்டும் உணவு பல்வகைப்பட்டதாகிவிடாது. பறவை தனக்கு விருப்பமான ஒன்றிரண்டு விதைகளைப் பொறுக்கி உண்டு, மற்றவற்றை ஒதுக்கிவிடும். கிண்ணத்தில் மிஞ்சுவதைப் பார்த்தே பறவை உண்மையில் எதை உண்கிறது என்பதை அறிய முடியும். உயிர்ச்சத்துப் பொடியை உலர் விதையின் மீது தூவுவதும் பயன் தருவதில்லை. ஃபிஞ்சுகள் உமியை நீக்கிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்குவதால், பொடி உமியோடு போய்விடுகிறது. ஈரமான உணவில் கலந்தால் அது உட்செல்லும்.

நீக்கப்பட்ட உமி கிண்ணத்தின் மேற்பரப்பிலேயே தங்குவதால், காலியான கிண்ணமும் நிறைந்ததுபோல் தோன்றும். ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள சீப்ரா ஃபிஞ்சின் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. உணவின்றி ஓரிரு நாட்களிலேயே அது இறந்துவிடக்கூடும். ஆகையால் உமியை நாள்தோறும் ஊதி அகற்றி, அடியில் விதை உள்ளதா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

முளைகட்டிய விதைகள்

விதைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நன்கு அலசி, வெண்முளை தெரியும் வரை வைத்திருந்து அளிக்கலாம். இவை பால் பிடித்த விதைகளைப் போல் மென்மையானவை. குஞ்சுகளுக்கு ஊட்ட ஏற்றவை. வெப்பநாடுகளில் இவற்றில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ உடையவற்றை எறிந்துவிட வேண்டும். கூண்டில் வைத்தவற்றையும் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

கீரைகளும் காய்களும்

முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை, துருவிய கேரட் ஆகியவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் உயிர்ச்சத்து ஏயாக மாறுகிறது. இச்சத்துக் குறைந்தால் வாய், மூச்சுப்பாதை ஆகியவற்றின் உட்படலம் தடித்து, நோய்த்தொற்று எளிதில் பற்றும். பசலையினக் கீரைகளில் உள்ள ஆக்சலேட்டு கால்சியத்தைப் பிணைப்பதால் அவற்றை அளவோடு தர வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கப்படாத இடத்தில் பறித்த இளம் புற்கதிர்களும் சிறந்த உணவாகும்.

முட்டையும் பூச்சிகளும்

அவித்த கோழிமுட்டையை மசித்து அளிப்பது வழக்கம். முட்டைப் புரதத்தில், தானியத்தில் குறைவாக உள்ள லைசின் எனும் அமினோ அமிலம் மிகுந்துள்ளது. இறகுகள் பெரிதும் புரதத்தால் ஆனவை என்பதால், இறகு மாற்றும் காலத்திலும் குஞ்சு வளர்ப்பின்போதும் இவ்வுணவின் தேவை கூடுகிறது. முட்டை உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடலாகாது. இதை ஆண்டு முழுவதும் நாள்தோறும் அளித்தால் சீப்ரா ஃபிஞ்சுகள் ஓய்வின்றி முட்டையிட முற்படும், பெண்பறவை நலிவடையும்.

கால்சியம்

சீப்ரா ஃபிஞ்சின் முட்டை ஏறத்தாழ 1 கிராம் எடையுள்ளது. பெண்பறவை நாளொன்றுக்கு ஒன்றாக 4 முதல் 6 முட்டைகள் இடும். அதாவது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டதைக்கூட ஒரு வார காலத்தில் இட்டுவிடக்கூடும். கால்சியம் போதாதபோது முட்டையின் ஓடு மெல்லியதாகும். தசைகள் வலுவிழந்து முட்டை வெளிவராமல் தங்கிவிடும். இந்நிலையில் உடனடி மருத்துவம் இல்லையேல் பறவை இறந்துவிடும்.

நாட்டுமருந்துக் கடைகளில் கடல்நுரை எனும் பெயரில் கிடைக்கும் கணவாய் ஓடு, பொடித்த சிப்பி ஓடு, கொதிக்கவைத்து உலர்த்திப் பொடித்த கோழிமுட்டை ஓடு ஆகியன எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். கால்சியத்தைப் பயன்படுத்த உயிர்ச்சத்து டியும் தேவை. இதை உடல் உருவாக்க உதவும் புற ஊதாக் கதிர்களைச் சாளரக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. எனவே நிழலும் உள்ள இடத்தில் நேரடி வெயில் சிறிது நேரம் படச் செய்வது நல்லது.

புதிய உணவுக்குப் பழக்குதல்

உலர் விதையை மட்டுமே அறிந்த பறவை புதிய உணவைக் கண்டு அஞ்சும். பல நாட்கள் தொடாமலும் இருக்கும். அதற்காக வழக்கமான விதையை நிறுத்திப் பட்டினி போடலாகாது. காலையில் சிறிதளவு புதிய உணவைத் தொடர்ந்து வைத்துவர வேண்டும். ஃபிஞ்சுகள் கூட்டமாக வாழ்பவை. முன்னரே பழகிய பறவை உண்பதைக் கண்டு மற்றவையும் உண்ணத் தொடங்கும். பெற்றோர் ஊட்டியதையும் உண்டதையும் குஞ்சுகள் எளிதில் ஏற்கும்.

தவிர்க்க வேண்டியவை

வெண்ணெய்ப்பழம் பறவைகளுக்கு நஞ்சாகும். சாக்லேட்டு, காப்பி, தேநீர், வெங்காயம், உப்பிட்ட தின்பண்டங்கள் ஆகியவற்றையும் அளிக்கலாகாது. பூஞ்சணம் பிடித்த தானியத்தில் கல்லீரலைத் தாக்கும் அஃப்ளாடாக்சின் எனும் நஞ்சு இருக்கக்கூடும். அதைக் கழுவியோ உலர்த்தியோ பயன்படுத்துவது தவறு. நோயுற்ற ஃபிஞ்சு இறகுகளை உப்பி வைத்துக்கொண்டு உறங்கியவாறே இருக்கும். இவ்வறிகுறி தோன்றியபின் உணவை மாற்றுவது மட்டும் பறவையைக் காப்பாற்றப் போதாது. கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.