லீவுக்குப் போற ஊர், யாரோட ஊர்?

மே மாசம் வந்தா எங்க குடும்பம் ஏற்காடு ஏரிக்கரை காட்டேஜ்லதான். 20 கொண்டை ஊசி வளைவு, போட்டிங், மிளகாய் பஜ்ஜி. எங்களுக்கு ஏற்காடுன்னா அவ்வளவுதான்.

போன மே மாசம்தான் ஹோலி டிரினிட்டி சர்ச் வளாகத்துக்குப் போனேன். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம் இருக்கு. புவியியலாளர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்து, இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததைக் காட்டியவர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். சேர்வராயன் மலையிலும் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கருவிகளைச் சேகரித்தார். 1904-ல் அவரோட சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிடுச்சு.

நாம லீவுக்குப் போற மலை, ஆயிரக்கணக்கான வருஷமா யாருக்கோ சொந்த ஊர். அதுக்கான சாட்சி எழும்பூர்ல இருக்கு. வருஷா வருஷம் மலை ஏறின நான், அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போறேன். நீங்களும் வரீங்களா?