ஏலமலை ஜீப்பில் ஏறிய குறுக்கெழுத்து

சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, "வரலாறு சம்பந்தமா எழுதுங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். போடிநாயக்கனூர் ஜமீன் வரலாறு, ஏலக்காய் வரலாறு, ரயில் வரலாறு எல்லாம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு சின்ன விஷயத்தின் வரலாறு: தினசரிப் பேப்பரில் வருகிற ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர். அதைப் போட எனக்கு யார் உதவினார்கள், நான் யாருக்கு உதவினேன் என்பதுதான் கதை. சிரிக்காதீர்கள், நான் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் அரியர் வைத்த பி.காம். மாணவன்!

நான் கல்லூரியில் சேர்ந்தது 1980-ல். அப்போது தேனி மாவட்டம் கிடையாது. நாமெல்லாம் மதுரை மாவட்டம். 'தி இந்து' நாளிதழ் 1977-ல் மதுரையில் அச்சாகத் தொடங்கியிருந்தது. அதனால் போடிக்குக் காலையிலேயே பேப்பர் வந்துவிடும். "தினமும் இந்தக் கட்டத்தைப் போடு, இங்கிலீஷ் தானா வரும்" என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நூலகத்தில் பேப்பரைப் பார்த்துக் கட்டத்தை நோட்டில் வரைந்துகொண்டு போனேன். ஒரு வாரமாகியும் ஒரு சொல்கூடச் சிக்கவில்லை.

வீட்டிலோ வேறு பிரச்சினை. அப்பா ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். நோட்டில் கட்டத்தைப் பார்த்ததும், "ஏண்டா, சூதாட்டத்துல எறங்கிட்டியா?" என்று சத்தம் போட்டார். கோபத்தின் காரணம் அன்று எனக்குப் புரியவில்லை. பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர், 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் 1913 டிசம்பர் 21 அன்று வைர வடிவத்தில் முதல் புதிரை வெளியிட்டார். 1920களில் அது ஒரு பித்தாகவே பரவியது. நம்மூரில் அது பரிசுப் போட்டியாக வந்தது. எஸ்.எஸ்.வாசன் 1928-ல் 'ஆனந்த விகட'னை வாங்கினார். அதன் விற்பனையை ஏற்றிவிட்டதில் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு பணம் கட்டிக் கலந்துகொள்ளும் போட்டிகள் நாடெங்கும் பெருகின. அவற்றில் ஒரு தந்திரம் இருந்தது. 'வீட்டில் இருக்க வேண்டியது' என்று குறிப்பு இருக்கும். முதல் எழுத்து காலி, அடுத்த இரண்டும் 'ணம்'. அது பணமா, குணமா? இரண்டும் பொருந்தும். நடத்துகிறவர் உறையில் எதை மூடி வைத்திருக்கிறாரோ, அதுதான் சரி! இதில் பணத்தை விட்டவர்கள் ஏராளம். 1955-ல் மத்திய அரசு இதற்கென்றே சட்டம் கொண்டுவந்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்று கட்டுப்படுத்தியது. எதிர்த்து வழக்குப் போட்டவர்களிடம், அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் போட்டி சூதாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1957-ல் சொல்லிவிட்டது. அப்பாவின் தலைமுறைக்குக் குறுக்கெழுத்து என்றால் அதுதான்.

ஆனால் என்னிடம் இருந்தது வேறு ஜாதிப் புதிர். இங்கிலாந்தில் 1920களில் உருவாகி, 1930 பிப்ரவரி முதல் 'தி டைம்ஸ்' பத்திரிகையிலும் வரத் தொடங்கிய வகை. இதில் விடை ஒன்றுதான். அதற்குப் போகும் வழியும் குறிப்பிலேயே ஒளிந்திருக்கும். 'லிசன்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்தையும் கலைத்து அடுக்கினால் 'சைலண்ட்' வரும். கேட்கவேண்டும் என்றால் வாயை மூடு! இப்படி எழுத்தைக் கலைப்பது, ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை ஒளிப்பது, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் காட்டுவது என்று பல வித்தைகள். உலகப்போர் நடந்த 1942 ஜனவரியில் லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை, 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்கும் போட்டி ஒன்றை வைத்தது. கலந்துகொண்டவர்களில் சிலரைப் பின்பு ராணுவத்தார் கூப்பிட்டு, எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 'தி இந்து'வில் இந்த வகைப் புதிர் 1971-ல் தொடங்கியது. முதலில் அமைத்தவர் அட்மிரல் ராம்தாஸ் கடாரி, இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 1983-ல் காலமானார். கடற்படைத் தளபதியோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறோம் என்பது அந்த நாளில் எங்களுக்குத் தெரியாது.

'எங்களுக்கு' என்றேன் அல்லவா? அந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் டீக்கடையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஜீப் டிரைவர் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்து, "எங்க எஸ்டேட் ரைட்டரும் இந்தக் கட்டத்தோடதான்டா கெடக்காரு" என்றார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறைப் பகுதியில் ஏலத்தோட்டம். முதலாளி வீடு போடியில். அவர் வீட்டில் படித்து முடித்த பேப்பர், மறுநாள் காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பில் மேலே போகும். ரைட்டர் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மலையேறியவர். பழைய பேப்பர்களைப் படித்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டவர். புதிரின் வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கையில் அகராதி இல்லை. எனக்கோ நூலகத்தில் தடிமனான சேம்பர்ஸ் அகராதி இருந்தது, வித்தை தெரியாது.

அன்றிலிருந்து துண்டுச்சீட்டுப் போக்குவரத்து தொடங்கியது. "இந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கா, பாத்துச் சொல்லு தம்பி" என்று சாயங்கால ஜீப்பில் சீட்டு வரும். மறுநாள் நூலகத்தில் பார்த்து எழுதி, அதற்கடுத்த காலை ஜீப்பில் அனுப்புவேன். பதிலுக்கு எனக்குப் புரியாத குறிப்பு ஒன்றை எப்படிப் பிரிப்பது என்று அவர் எழுதுவார். விடையை எழுதவே மாட்டார். "கதவு எங்க இருக்குன்னு காட்டுறேன், தொறக்குறது உம்பாடு" என்பார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றால் சீட்டும் நின்றுவிடும். நான்கைந்து நாள் சீட்டு மொத்தமாக ஏலக்காய் வாசனையோடு வந்து சேரும்.

இதில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அவர் கைக்குப் புதிர் போய்ச் சேருகிற அன்றே, அதன் விடை என் கையில் இருக்கும் புதுப் பேப்பரில் வந்திருக்கும். ஒருமுறை அவர் நான்கு குறிப்புகளுக்கு உதவி கேட்டிருந்தார். பரீட்சை நேரம். அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டு, விடைகளை அப்படியே பார்த்து எழுதி, நானே கண்டுபிடித்ததுபோல் அனுப்பிவிட்டேன். பதில் சீட்டில் இரண்டே வரி: "விடை நாளைக்கு எனக்கும் பேப்பர்ல வரும். அதுக்கு ஒரு தம்பி எதுக்கு?"

அதற்குப் பிறகு இரண்டு வாரம் சீட்டு வரவில்லை. தினமும் டீக்கடையில் ஜீப்புக்குக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியது இன்றும் நினைவிருக்கிறது. மன்னிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில், அவர் கற்றுக்கொடுத்த வித்தையை வைத்துத் தமிழில் ஒரு குறிப்பை நானே உண்டாக்கி அனுப்பினேன்: 'கூவி விற்றாலும் மணக்கும் (3)'.

மறுநாளே பதில் வந்தது. "ஏலம். கூவி விக்கிறதும் ஏலம், மணக்குறதும் ஏலம். இது உன் சொந்தச் சரக்கு. சந்தோஷம்." அதன் கீழே எனக்கு ஒரு கேள்வி: 'சமுத்திரத்தைக் கொறிக்கலாம் (3)'. அரை நாள் யோசித்து, கடலை என்று எழுதி அனுப்பினேன்.

ஏலம் குறிப்பை அப்பாவிடம் சொன்னேன். வாழ்நாள் முழுக்க ஏலத்தில் ஏலத்துக்குக் கணக்கு எழுதியவர், ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு கேட்டார்: "இதுல பரிசு எவ்வளவு?"

"ஒண்ணும் கிடையாதுப்பா."

"அப்பச் சரி" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பரீட்சையில் அரியரும் போயிற்று.

ரைட்டர் ஒரே ஒருமுறை நம் கல்லூரிக்கு வந்தார். வேறு எதையும் பார்க்க ஆசைப்படவில்லை. சேம்பர்ஸ் அகராதியைக் காட்டச் சொன்னார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே வெகுநேரம் புரட்டினார். "இம்புட்டு வார்த்தையா?" என்று மட்டும் கேட்டார். இன்று அவர் இல்லை. என்னை ஆளாக்கியவர்கள் பட்டியலில், கல்லூரியில் படிக்காத அவருக்கும் ஒரு இடம் உண்டு.

மாணவச் செல்வங்களே, இன்று கைப்பேசியைத் தட்டினால் எந்தப் புதிருக்கும் நொடியில் விடை வந்துவிடுகிறது. உதவி கேட்பது தப்பே இல்லை. நான் கேட்டுத்தான் கற்றேன். ஆனால் விடையைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள். வழி சொல்லக் கூடிய மூத்தவர்கள் இந்தச் சந்திப்புக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010-ன் கடைசியில் நின்றுபோன நம்மூர் ரயில், 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. அதிலே வந்து இறங்கியவர்களும் இருப்பார்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் ஒரு குறிப்பு: 'தோழியை விரட்டும் ஊர் (2)'. விடையை நான் சொல்ல மாட்டேன். அதற்குள்ளேதான் நாம் எல்லோரும் இன்று கூடியிருக்கிறோம்!