தேனாற்றுத் தண்ணீரும் ஒரு நீலப் படமும்



வீடு கட்டுகிறவர்கள் வரைபடத்தை இன்றும் ‘ப்ளூ பிரிண்ட்’ என்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் கேமரா இல்லாத ஒரு புகைப்படக் கலை இருக்கிறது.

1842-இல் இங்கிலாந்தின் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களோடு வந்த முதல் புத்தகம் அதுதான் என்பார்கள். 1870-களில் பொறியாளர்கள் வரைபடங்களை நகலெடுக்க இதே முறையை எடுத்துக்கொண்டார்கள்.

1996-இல் என் வகுப்புப் பிள்ளைகளோடு நானும் செய்து பார்த்தேன். வேப்பிலை, முருங்கை இலை எல்லாம் அழகாக விழுந்தன. ஒரு பையனின் தாள் மட்டும் போர் தண்ணீர் வாளியில் இரவெல்லாம் ஊறியது. காலையில் பார்த்தால் நீலம் வெளுத்து, மஞ்சள் பாய்ந்திருந்தது. “கவனமே இல்லை” என்று எல்லார் முன்னாலும் அவனைக் கடிந்துகொண்டேன். நன்றாக ஊற வை என்று சொன்னவனே நான்தான்.

ஐப்பசி மழையில் தேனாற்றில் தண்ணீர் வந்ததும், அவன் யாரும் சொல்லாமலே ஒரு குடம் மொண்டு வந்து புதுப் படத்தை அலசினான். நீலம் அப்படியே நின்றது.

காரணத்தைப் பிறகுதான் படித்தேன். காரத்தன்மை உள்ள தண்ணீர் இந்த நீலத்தைச் சிதைத்துவிடும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் நம் போர் தண்ணீர் அப்படிப்பட்டது. புது மழைத் தண்ணீர் மென்மையானது. முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்த நம் ஆச்சிமார்களுக்குத் தண்ணீருக்குத் தண்ணீர் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தது. வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை.

அதே 1990-களில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சூசன் டெர்ஜஸ் என்ற கலைஞர், இரவில் ஒளி உணரும் பெரிய தாளை ஓடும் ஆற்றுக்குள் வைத்து, கணப்பொழுது ஃப்ளாஷ் அடித்தார். நீரின் சுழிகளே படமாயின. ஆற்றையே வரைய விட்டார் அவர். ஆற்றுத் தண்ணீரை நம்பியவன் என் மாணவன்.

தம்பி, இதைப் படிக்கிறாய் என்றால், தப்பு உன்மேல் இல்லை. இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.