இரண்டு செலரோன், ஒரு மதர்போட்

ஒரு கணினிக்குள் இரண்டு புரொசசர் என்பது இன்று கைத்தொலைபேசியில்கூடப் பெரிய விஷயமில்லை. தொண்ணூறுகளில் நிலைமை வேறு. 1989இல் கொம்பாக் நிறுவனம் இரண்டு புரொசசர் பூட்டக்கூடிய சிஸ்ரம்புரோவை வெளியிட்டது. அது அலுவலகங்களுக்கான சேர்வர். 1993இல் வந்த விண்டோஸ் என்.ரி. இரண்டு புரொசசரையும் சரிசமமாக வேலை வாங்கத் தெரிந்த இயங்குதளம். ஆனாலும் அப்படியொரு பெட்டியை வீட்டுக்கு வாங்குவது எங்களைப் போன்றவர்கள் நினைத்தும் பார்க்காத ஒன்று.

மொன்றியலில் அந்தப் பெட்டிகளுக்கு ஒரு தேவை இருந்தது. டானியல் லாங்லுவா 1986இல் இங்கே தொடங்கிய சொஃப்ற்இமேஜ் நிறுவனத்தின் மென்பொருள்தான் ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் டைனோசர்களுக்கு அசைவு கொடுத்தது. அந்த மென்பொருள் ஓடியது சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் விலையுயர்ந்த இயந்திரங்களில். 1994இல் மைக்ரோசொஃப்ற் சொஃப்ற்இமேஜை வாங்கியது. 1996இல் விண்டோஸ் என்.ரி.க்கான பதிப்பு வந்தது. ஒரு படத்தைக் கணினி தீட்டி முடிக்க மணிக்கணக்காகும் தொழிலில், இரண்டாவது புரொசசர் காசுக்கு ஏற்ற பயனைக் கொடுத்தது.

சாதாரண மனிதர்களின் மேசைக்கு அது வந்த வழி விசித்திரமானது. இன்ரெல் 1998இல் குறைந்த விலைக்கு விற்ற செலரோன் புரொசசர், தனியாக வேலை செய்வதற்கென்றே சந்தைக்கு வந்தது. இரட்டையாக வேண்டுமென்றால் விலை கூடிய பென்ரியம் வாங்க வேண்டும். அட்டை வடிவச் செலரோனில், இரண்டாவது புரொசசருக்கான ஒரு சமிக்ஞை இணைக்கப்படாமலே விடப்பட்டிருந்தது. ஆர்வலர்கள் அட்டையில் துளையிட்டு, மெல்லிய வயரைப் பற்றவைத்து அதை இணைத்தார்கள். பிறகு சொக்கற் 370 வடிவில் வந்த செலரோனில் அந்தத் தடை இல்லை. தைவானின் ஏபிற் நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டு 1999இல் பி.பி.6 என்ற மதர்போட்டை வெளியிட்டது. துளையும் வேண்டாம், வயரும் வேண்டாம். இரண்டு செலரோனைப் பூட்டினால் போதும். 366 மெகாஹேர்ட்ஸ் செலரோனை, பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு உயர்த்தி 550இல் ஓட்டியவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அடுத்த தலைமுறைச் செலரோனில் இன்ரெல் அந்த வாசலைச் சாத்திவிட்டது.

மொன்றியலின் கோட்-டெ-நேஜில் நிலக்கீழ் அறையொன்றில் கணினி திருத்துகிறவன் நான். அந்தக் காலத்துப் போட்டுகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. எந்தக் கம்பனியின் போட்டாக இருந்தாலும் முதலில் பார்ப்பது புரொசசரைச் சுற்றி நிற்கும் கப்பாசிற்றர்களைத்தான். 1999 தொடங்கிச் சில ஆண்டுகள், கப்பாசிற்றர் தொழிலையே ஆட்டிய ஒரு நோய் இருந்தது: உள்ளே இருக்கும் திரவம் கெட்டு, தலை உப்பி, சிலவேளை பழுப்பு நிறத்தில் கசியும். தலை தட்டையாக இருந்தால் நம்பிக்கை. உப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். போட்டின் உட்படையில் அகலமான செப்புத் தகடு இருப்பதால் சின்னப் பற்றுக்கோலின் சூட்டை அது குடித்துவிடும். வலுவான கோல் வேண்டும். மிஞ்சும் ஈயம் அடைத்த துளையை ஊசியால் திறக்க வேண்டும். கப்பாசிற்றரின் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. ஆனால் போட்டில் அச்சிட்ட அடையாளம் கம்பனிக்குக் கம்பனி தலைகீழாகும். எனவே கழற்றுமுன் படமெடுப்பது என் சட்டம். புதிதாகப் போடுவது அதே கொள்ளளவு, அதே வோல்ற்றேஜ் அல்லது அதற்கு மேல், 105 பாகை தாங்குவது.

சாமானைத் திருத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. விண்டோஸ் 98க்கு இரண்டாவது புரொசசர் இருப்பதே தெரியாது. விண்டோஸ் 2000ஐ ஒற்றைப் புரொசசரோடு நிறுவிவிட்டுப் பின்னர் இரண்டாவதைப் பூட்டினால் அதுவும் கண்டுகொள்ளாது. டிவைஸ் மனேஜரில் ‘கம்பியூட்டர்’ என்ற பகுதியைத் திறந்து, ‘யூனிபுரொசசர்’ என்றிருப்பதை ‘மல்ரிபுரொசசர்’ ஆக்க வேண்டும். மீண்டும் இயக்கி ராஸ்க் மனேஜரைத் திறந்தால் ஒரு வரைபடம் இருந்த இடத்தில் இரண்டு. எக்ஸ்.பி. ஹோம் பதிப்பு ஒரு புரொசசரோடு நின்றுவிடும். புரொஃபெஷனல் இரண்டையும் ஏற்கும். லினக்ஸ் என்றால் இரண்டுக்குமென்று கட்டிய கேர்னலை நிறுவ வேண்டும்.

எங்களுக்கு விண்டோஸ் 2000 இன்னொரு வகையிலும் முக்கியமானது. அதுவரை புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நாங்கள் பாமினி எழுத்துருவில்தான் கல்யாண அழைப்பும் நினைவு மலரும் கோயில் அறிவித்தலும் அடித்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. விண்டோஸ் 2000 யூனிகோட் தமிழையும் லதா எழுத்துருவையும் கூடவே கொண்டுவந்தது. இரண்டாவது புரொசசரை எழுப்பிய அதே இயங்குதளம்தான் தமிழையும் தமிழாகவே வைத்திருக்கக் கற்றது. அதோடு, 1976 முதல் மொன்றியலில் இயங்கும் மற்றொக்ஸ் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ஜி400 அட்டை, ஒரே கணினியில் இரண்டு திரையைக் கொடுத்தது. ஒரு திரையில் பக்க வடிவமைப்பு, மறுதிரையில் கட்டுரை: சின்ன அச்சுத் தொழிலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2005 மே மாதத்தில் இன்ரெலும் ஏ.எம்.டி.யும் ஒரே சில்லுக்குள் இரண்டு கருக்களை வைத்து வீட்டுக் கணினிக்கு விற்றன. இரட்டைச் சொக்கற்றின் தேவை வீட்டில் முடிந்தது. 2008 முடிவோடு ஏபிற் பெயரில் மதர்போட் வருவதும் நின்றது. ஆனால் 2005க்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சாதாரண மேசைகளில் இரண்டு புரொசசர் ஓடியதற்குக் காரணம், விற்றவர் சொன்ன எல்லையோடு நிற்காமல் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள். திருத்துகிறவர்களின் அந்தப் பங்கு கணினி வரலாற்றில் எழுதப்பட வேண்டும் என்பது என் வாதம்.

கியூபெக் அரசு 2023 ஒக்ரோபரில், விரைவில் பழுதாகும்படி திட்டமிட்டுப் பொருள் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. உதிரிப்பாகமும் திருத்தும் தகவலும் கிடைக்கச் செய்யும் கடமை 2025 ஒக்ரோபர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. இது இனி வாங்கும் பொருட்களுக்கு நல்ல காவல். 1999ஆம் ஆண்டுப் பெட்டிக்கு அந்தக் காவல் நாங்கள்தான். ஆகவே பழைய கணினியைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்று: பெட்டியோடு வந்த கையேடு, டிரைவர் சீடி, ஃபிளொப்பி எதையும் எறியாதீர்கள். கப்பாசிற்றரைக் கடையில் வாங்கலாம். செய்த கம்பனியே இல்லாத போட்டுக்கு அந்தச் சீடியை எங்கே போய் வாங்குவது?